பழைய ராணுவ ரைஃபிள் வாங்குவது: மோசினா, லீ-என்ஃபீல்டா, வேறெதுவா?

மார்ச் 2

கேள்வி: "சுட்டுப் பழக ஒரு பழைய ராணுவ ரைஃபிள் வாங்கலாம் என்றிருக்கிறேன். உரிமம் கையில் இருக்கிறது. ரேஞ்ச் 100 மீட்டர். ரஷ்யாவின் மோசின்-நாகாந்தா, பிரிட்டனின் லீ-என்ஃபீல்டா என்று மண்டை காய்கிறது. 'இரண்டு உலகப்போர் பார்த்த துப்பாக்கி, எதை எடுத்தாலும் நல்லா சுடும், கண்ணை மூடிக்கிட்டு வாங்கு' என்கிறார் நண்பர். சரிதானா?"

மார்ச் 2, இரவு

கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு வாங்குங்கள். ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே தொழிற்சாலை, ராக்கில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு ரைஃபிள். ஒன்று 100 மீட்டரில் ஐந்து தோட்டாவையும் உள்ளங்கை அகலத்துக்குள் போடும். மற்றது பேப்பரிலேயே ஒழுங்காக விழாது. இரண்டையும் சுட்டுப் பார்த்தவனாகச் சொல்கிறேன்.

போர் பார்த்தது என்பது பெருமைதான். ஆனால் போர் பார்த்த பேரல் (குழல்) தேய்ந்த பேரலாகவும் இருக்கலாம். அதனால் மோசினா என்ஃபீல்டா என்ற கேள்வியை மூன்றாவதாக வையுங்கள். முதல் கேள்வி: அந்தத் தோட்டா எனக்குத் தொடர்ந்து கிடைக்குமா? இரண்டாவது: கையில் எடுத்திருக்கும் இந்த ஒரு துப்பாக்கியின் பேரலில் உயிர் இருக்கிறதா? இரண்டுக்கும் "ஆமாம்" வந்தால் மாடல் எதுவானாலும் சந்தோஷமாகச் சுடுவீர்கள்.

மார்ச் 3

தோட்டா விஷயத்தைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

மோசினுக்கு 7.62×54ஆர் (குழலின் அகலமும் கூட்டின் நீளமும் மி.மீ.-ல், ஆர் என்றால் அடியில் விளிம்புள்ளது). 1891-ல் வந்த தோட்டா, இன்னும் படைகளில் ஓடுகிறது. ராணுவக் கையிருப்பிலிருந்து வருவது பெரும்பாலும் இரும்புக் கூடு (மருந்தையும் குண்டையும் தாங்கும் உறை), பெர்டான் வகைப் பிரைமர் (ஊசி அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் மூடி), அதுவும் துருவைக் கொண்டுவரும் வகை. சுடத் தகுந்ததுதான், ஆனால் சுட்டபிறகு வேலை இருக்கிறது (அதைத் தனியாக எழுதுகிறேன்). இப்போது தயாரிக்கும் பித்தளைக் கூடும் கிடைக்கும்.

லீ-என்ஃபீல்டுக்கு .303 (இது அங்குலத்தில்). பழைய ராணுவ .303 இன்று அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் பல பெட்டிகளில் கார்டைட் என்ற பழைய வகை மருந்து, துரு வரவைக்கும் பிரைமர். வேட்டைக்காரர்களுக்காகத் தயாரிக்கும் புதிய .303 கிடைக்கிறது. நீங்களே தோட்டா நிரப்புகிற ஆள் என்றால் என்ஃபீல்டு உங்களை ஏமாற்றாது.

ஜெர்மன் கே98கே மௌசருக்கு 7.92×57. இதில் ஒரு கவனம் வேண்டும். 1888-ல் வந்த முதல் தலைமுறை ரைஃபிள்களில் குண்டின் விட்டம் .318 அங்குலம். பிறகு வந்தது .323. பழைய பேரலில் புதிய குண்டை அழுத்திச் சுட்டால் அழுத்தம் எகிறும். அமெரிக்கக் கம்பெனிகள் இந்தத் தோட்டாவை மென்மையாக நிரப்பி விற்பதற்கு அந்தப் பழைய துப்பாக்கிகள்தான் காரணம். 1935-க்குப் பிறகு வந்த கே98கே-யில் .323 தான். 1888 மாடலில் கை வைக்கும்போது பேரலை அளக்காமல் சுடாதீர்கள்.

அமெரிக்க எம்1 கேரண்டுக்கு .30-06. தோட்டாவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடையில் இருக்கும் எல்லா .30-06-ம் அதற்கு ஆகாது. மெதுவாக எரியும் மருந்தும் கனமான குண்டும் சேர்ந்தால், சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்ற உதவும் கம்பியான ஆபரேட்டிங் ராடு வளையும். கேரண்டுக்கென்று அழுத்தம் பார்த்து நிரப்பியதை வாங்குங்கள்.

மார்ச் 3, மதியம்

ஒன்று விட்டுப்போயிற்று. தோட்டா வாங்கும் முன் உங்கள் ரேஞ்ச்காரரிடம் "காந்தம் ஒட்டுகிற குண்டு அனுமதியா?" என்று கேளுங்கள். ராணுவக் குண்டு பலவற்றில் செம்பு பூசிய இரும்பு உறை. உள்ளே ஈயமே இருந்தாலும் காந்தம் ஒட்டும். இரும்புப் பலகை இலக்கு பழுதாகும், தீப்பொறி பறக்கும் என்பதால் நிறைய ரேஞ்சுகளில் விடமாட்டார்கள். பெட்டி பெட்டியாக வாங்கிவிட்டு வாசலில் திருப்பி அனுப்பப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 5

பேரலைப் பார்ப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நான் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) திறந்து, சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறை) விரலை விட்டு, காலி என்று உறுதிசெய்வேன். விற்பவர் "காலிதான் சார்" என்று சொன்னாலும் செய்வேன். பிறகு போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு, பின்பக்கமிருந்து ஒரு சின்ன விளக்கை விட்டு, குழல்வாய் வழியாகப் பார்ப்பேன். இருட்டாகத் தெரிந்தால் உடனே ஒதுக்கமாட்டேன். அனுமதி கேட்டு, கரைப்பான் நனைத்த துணித்துண்டு ஒன்றை உள்ளே விட்டு எடுப்பேன். துணி பேசும். பழுப்பு கலந்த மஞ்சளில் பிசுபிசுப்பாக வந்தால் காஸ்மோலின், அதாவது கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய மெழுகுப் பசை. கறுப்பு என்றால் கரி. நீலப்பச்சை என்றால் செம்பு. செங்கல் நிறப் பொடி வந்தால் துரு. முதல் மூன்றும் கழுவினால் போகும். நான்காவது போனாலும் குழியை விட்டுவிட்டுப் போகும்.

அதற்கப்புறம் ரைஃப்ளிங், அதாவது குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் பள்ளமும் மேடுமாக ஓடும் வரிகள். வரிகளின் விளிம்பு கூர்மையாக நிற்கிறதா, மழுங்கிக் கிடக்கிறதா? பள்ளங்களில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் இருந்தாலும் மேடு கூர்மையாக இருந்தால் அந்த பேரல் சுடும். நான் வைத்திருக்கும் ஃபின்லாந்து எம்39-ல் (அதுவும் மோசின்தான்) பள்ளம் முழுக்கத் தழும்புதான், ஆனாலும் குழு (ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் கூட்டம்) இறுக்கமாக விழுகிறது. மேடு மழுங்கிய பேரல் கண்ணாடி போலப் பளபளத்தாலும் வேண்டாம்.

அடுத்தது குழல்வாய். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. பஞ்சு சுற்றிய காதுக்குச்சியை வாயின் விளிம்பில் சுற்றி இழுப்பேன். ஒரு பக்கம் மட்டும் பஞ்சு மாட்டினால் அங்கே நெளிவு இருக்கிறது. சிப்பாய்கள் இரும்புக் கம்பியை முன்பக்கமிருந்தே விட்டுச் சுத்தம் செய்ததால் மோசின்களில் தேய்மானம் பெரும்பாலும் இங்கேதான். கேரண்டைப் பின்பக்கமிருந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்யவே வழியில்லை, அதனால் அதிலும் இதே கதை.

வெறும் குண்டு ஒன்றை (மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டாவும் சரி) மூக்கு உள்ளே போகும்படி குழல்வாயில் வைத்துப் பாருங்கள். குண்டின் உடல் கணிசமாக வெளியே நின்றால் நல்லது. கூட்டின் கழுத்து வரைக்கும் உள்ளே விழுந்துவிட்டால் அதை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

மார்ச் 6

நேற்றைய குண்டுச் சோதனைக்கு ஒரு விலக்கு உண்டு, அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சோவியத் ஆயுதக்கிடங்குகளில் தேய்ந்த குழல்வாயை வெட்டி எறியாமல், வாய்க்குள் கொஞ்ச தூரம் அகலமாகக் குடைந்துவிடுவார்கள். ரைஃப்ளிங் உள்ளே தள்ளி, புதிய விளிம்போடு தொடங்கும். அந்த மாதிரி பேரலில் குண்டு முழுதாக விழுங்கப்படும், ஆனால் துப்பாக்கி அருமையாகச் சுடலாம். விளக்கடித்துப் பார்த்தால் வாய்க்குள் ஒரு படி தெரியும். படி தெரிந்தால் குண்டுச் சோதனையை மறந்துவிட்டு, அந்தப் படியின் விளிம்பைப் பாருங்கள்.

"என்ஃபீல்டில் உள்ளே இரண்டே பள்ளம்தான் தெரிகிறது, தேய்ந்துவிட்டதா?" என்று இன்னொருவர் கேட்கிறார். இல்லை. போர்க்காலத்தில் வேகமாகத் தயாரிக்க நம்பர் 4 என்ற என்ஃபீல்டு மாடலின் பேரல்கள் பலவற்றை இரண்டு பள்ளத்தோடே செய்தார்கள். நன்றாகவே சுடும்.

மார்ச் 9

எண் ஒத்துப்போவது பற்றி வந்த கேள்விக்கு. ரிசீவர் (பேரலும் போல்ட்டும் பொருந்தும் உடற்பகுதி), போல்ட், மேகசின் தட்டு, மரத்தின் அடித்தகடு எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் சேகரிப்பவர்களுக்குக் கொண்டாட்டம். சுடுகிறவருக்குப் போல்ட் எண் ஒத்திருப்பதுதான் முக்கியம், அதுவும் ஒரு அறிகுறியாக மட்டும்.

போருக்குப் பிறகு சோவியத் கிடங்குகள் லட்சக்கணக்கான எம்91/30 மோசின்களைப் பிரித்துப் போட்டு, நல்ல பாகங்களைச் சேர்த்துக் கட்டி, பழைய எண்ணை அழித்து ரிசீவர் எண்ணையே குத்தினார்கள். மரத்துக்கு அரக்கு மெருகு பூசினார்கள், செம்பழுப்பில் பளபளக்கும். ஆக "எல்லா எண்ணும் ஒன்று" என்று விற்பவர் சொன்னால், தொழிற்சாலையிலேயே ஒன்றாகப் பிறந்ததா, கிடங்கில் கல்யாணம் பண்ணிவைத்ததா என்று எழுத்தின் வடிவத்தைப் பாருங்கள். கிடங்கில் சேர்ந்ததில் குறையில்லை, அதற்காகக் கூடுதல் பணம் கேட்டால்தான் குறை.

ஃபின்லாந்துக்காரர்கள் மோசினுக்கு ரிசீவரே செய்ததில்லை. ரஷ்யாவிடமிருந்து வந்த ரிசீவர்களில் தங்கள் சாக்கோ, டிக்ககோஸ்கி, வி.கே.டி. ஆலைகளின் பேரல்களைப் பொருத்தினார்கள். எம்39-ல் 1890-களின் ரிசீவரும் 1940-களின் பேரலும் சேர்ந்திருப்பது சகஜம். என்னிடம் உள்ளதும் அப்படித்தான். மோசின் குடும்பத்தில் ஒன்றுதான் வாங்கலாம் என்றால் நான் கை காட்டுவது அதைத்தான்.

மார்ச் 10

ஹெட்ஸ்பேஸ். இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள், இது கைக்கும் கண்ணுக்கும் உள்ள பாதுகாப்பு.

போல்ட் முகத்துக்கும், தோட்டா சேம்பரில் போய் முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம் அது. 54ஆர், .303 இரண்டும் விளிம்புள்ள தோட்டா, விளிம்புதான் முட்டி நிற்கும். மௌசரிலும் .30-06-லும் தோட்டாவின் தோள் முட்டும். தூரம் அதிகமானால் சுடும்போது கூடு இழுபட்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிரியும். வாயு பின்னால் வரும்.

இதை அளக்க, சேம்பருக்குள் வைத்துப் பார்க்கும் கோ, நோ-கோ, ஃபீல்டு என்று மூன்று அளவி உண்டு. கோ அளவிமேல் போல்ட் மூட வேண்டும். நோ-கோ மேல் மூடினால் எச்சரிக்கை. ஃபீல்டு மேலும் மூடினால் துப்பாக்கியைக் கீழே வையுங்கள். உங்களிடம் அளவி இல்லையென்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் முதல் தோட்டா.

நம்பர் 4 என்ஃபீல்டில் போல்ட் தலை தனியாகக் கழலும். 0, 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும், எண் ஏற ஏற நீளம் ஏறும். 3 போட்டும் அளவு மீறினால் அதற்கு மேலே போக இடமில்லை.

தன் தோட்டாவைத் தானே நிரப்புகிறவர்கள்: சுட்ட கூட்டின் அடியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அடிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால் அது பிரியப்போகும் இடம். மெல்லிய கம்பியின் முனையை வளைத்து உள்ளே விட்டு மேலும் கீழும் தடவினால், அந்த இடத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் மாட்டும். மாட்டினால் கூட்டை நசுக்கிக் குப்பையில் போடுங்கள். என்ஃபீல்டின் சேம்பர்கள் தாராளமானவை. கழுத்தை மட்டும் அளவுக்குக் கொண்டுவந்தால் கூடு நீண்ட நாள் உழைக்கும்.

மார்ச் 10, இரவு

வாங்கவே கூடாதவை, அல்லது வாங்கினாலும் சுடக் கூடாதவை, சுருக்கமாக. என்ஃபீல்டில் "டி.பி." முத்திரை இருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடுவதற்கு இல்லை. அமெரிக்க 1903 ஸ்பிரிங்ஃபீல்டில், ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் எண் 800,000-க்குக் கீழே, ராக் ஐலண்டு ஆலையின் எண் 285,507-க்குக் கீழே இருந்தால், எஃகைச் சூடேற்றிய முறையில் குறை. ரிசீவர் நொறுங்கியிருக்கிறது. சுவரில் மாட்டி அழகு பாருங்கள்.

மார்ச் 14

இன்று ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர் எம்44 மோசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முதல் சில தோட்டா சரியாகப் போயிற்று. பேரல் சூடானதும் போல்ட் கைப்பிடி மேலே எழவில்லை. உள்ளங்கையால் அடித்தார், பிறகு மரச்சுத்தியலை எடுத்தார். "ரஷ்யத் துப்பாக்கி இப்படித்தான்" என்றார்.

இப்படியில்லை. இரும்புக் கூட்டின் மேல்பூச்சு உருகி ஒட்டுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் குற்றவாளி சேம்பர் சுவரில் கெட்டியாகிக் கிடக்கும் பழைய காஸ்மோலின். துப்பாக்கியை வெளியே எல்லாம் துடைத்திருப்பார்கள், சேம்பருக்குள் பேரல் பிரஷ் தொடவே தொடாது, ஏனென்றால் சேம்பர் அகலம். சூட்டில் அது இளகி, கூட்டைப் பிடித்துக்கொள்ளும். அகலமான பித்தளை பிரஷ்ஷைக் கரைப்பானில் நனைத்து, சேம்பருக்குள் விட்டு நன்றாகச் சுழற்றி எடுக்கச் சொன்னேன். அங்கேயே செய்தார். பிரஷ் தேன் நிறத்தில் வெளியே வந்தது. சுத்தியல் பையிலேயே கிடந்தது, மீதித் தோட்டாவை இரண்டு விரலில் போல்ட் தூக்கிச் சுட்டார்.

மோசின் போல்ட்டைக் கழற்றி மாட்டினால் ஒன்றை மறக்காதீர்கள். அடிக்கும் ஊசி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதன் கூடவே வரும் தட்டைக் கருவியில் 75, 95 என்று இரண்டு வெட்டு உண்டு. 75 வெட்டில் ஊசி தட்ட வேண்டும், 95 வெட்டில் தட்டக் கூடாது. அதிகம் நீண்டால் பிரைமரைத் துளைக்கும், குறைந்தால் வெடிக்காது.

வெடிக்காத பழைய தோட்டா பற்றி: "டிக்" என்று மட்டும் சத்தம் வந்தால் போல்ட்டைத் திறக்காதீர்கள். குழல்வாய் இலக்கை நோக்கியே இருக்கட்டும், அரை நிமிஷமாவது பொறுத்துப் பிறகு திறங்கள். தாமதமாக வெடிக்கிற தோட்டா உண்டு. கண்ணாடியும் காது மூடியும் எப்போதும்.

மார்ச் 15

துரு வரவைக்கும் தோட்டா பற்றித் தனியாக எழுதுகிறேன் என்றேன்.

பழைய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகி பேரலில் படியும். உப்பின் உறவுக்காரன். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு இரவோடு இரவாகத் துருவைத் தொடங்கும். எண்ணெயும் கரைப்பானும் மட்டும் போட்டால் உப்பு கரையாது. எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்க்கும். தண்ணீர்தான் மருந்து.

நான் செய்வது: போல்ட்டைக் கழற்றி, சேம்பரில் ரப்பர் குழாய் பொருத்திய புனலை வைத்து, குழல்வாய் கீழ்நோக்க, கொதிக்கும் தண்ணீரைக் கெட்டிலிலிருந்து நிதானமாக ஊற்றுவேன். குழாய் வைப்பது எதற்கென்றால் தண்ணீர் மரத்துக்குள் இறங்கக் கூடாது. முதலில் வருவது சாம்பல் நிறம், போகப்போகத் தெளியும். பேரல் கையால் தொட முடியாத சூட்டுக்கு வந்துவிடும், அந்தச் சூட்டிலேயே உள்ளே மிச்சமுள்ள ஈரம் ஆவியாகிப் போகும். காய்ந்த துணி, பிறகு வழக்கமான சுத்தம், மெல்லிய எண்ணெய். போல்ட் முகத்தையும் ஊசியையும் ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் இடுவேன். மறுநாள் காலையில் ஒரு துணித்துண்டு விட்டு எடுப்பேன். வெள்ளையாக வந்தால் நிம்மதி.

அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் உப்பை "முறிக்கும்" என்பார்கள். அதிலும் வேலை செய்வது தண்ணீர்தான்.

தானாகவே அடுத்த தோட்டா ஏற்றும் துப்பாக்கியில் (ரஷ்ய எஸ்.கே.எஸ். போல) வாயு போகும் பாதை, பிஸ்டன் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். எஸ்.கே.எஸ். போல்ட்டுக்குள் காஸ்மோலின் இருந்தால் ஊசி முன்னால் மாட்டிக்கொண்டு, டிரிக்கர் இழுக்காமலே அடுத்தடுத்து வெடிக்கும். வாங்கியதும் போல்ட்டைப் பிரித்துக் கழுவாமல் ஒரு தோட்டா கூட ஏற்றாதீர்கள்.

மார்ச் 20

"உங்களிடம் இருப்பதில் எதை அதிகம் சுடுகிறீர்கள்?" என்று கேட்டவருக்கு: ஸ்விட்சர்லாந்தின் கே31.

போல்ட்டைத் திருப்ப வேண்டாம், நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும். ஆறு தோட்டா மேகசின். டிரிக்கர் இரண்டு கட்டம், முதல் இழுப்பு முடிந்து சுவரில் முட்டுவது தெளிவாகத் தெரியும், அப்புறம் கண்ணாடி உடைவது போல விடும். தோட்டா 7.5×55. ஸ்விஸ் ராணுவத்தின் ஜி.பி.11, 174 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) குண்டு, துரு வரவைக்காத பிரைமர். ராணுவக் கையிருப்பில் இவ்வளவு சீரான தோட்டாவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெர்டான் பிரைமர் என்பதால் கூட்டை மறுபடி நிரப்புவதுதான் கஷ்டம்.

கே31-ன் மரம் கீழ்ப்பகுதியில் அடிபட்டு, கறுத்து, அசிங்கமாக இருக்கும். அதைப் பார்த்து ஒதுக்காதீர்கள். உலோகமும் பேரலும் பெரும்பாலும் புத்தம் புதிதாக இருக்கும். மரத்தின் அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். சிலவற்றில் அதை வைத்திருந்த சிப்பாயின் பெயரும் படைப்பிரிவும் எழுதிய சின்ன அட்டை மடங்கிக் கிடக்கும். என்னுடையதில் இருந்தது. எடுத்துப் படித்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டேன். அந்த அட்டை இருக்க வேண்டிய இடம் அது.

ஸ்வீடன் மௌசரும் (6.5×55) இதே தரம். அதன் மரத்தில் பித்தளை வட்டு ஒன்று பதித்திருக்கும். பேரலின் அளவையும், துரு நிலையை 1, 2, 3 என்றும் அவர்களே குறித்துவைத்திருப்பார்கள். வாங்குபவருக்கு இதைவிட நேர்மையான அடையாளச் சீட்டு கிடையாது, வட்டும் பேரலும் பிரியாமல் இருந்தால். பின்குறி, அதாவது குறிபார்க்கும் பின் தகடு, 300 மீட்டரில்தான் தொடங்கும், 100-ல் குண்டு நன்றாக மேலே போகும்.

மார்ச் 21

"மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா? பேரலைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கலாமா? ஸ்கோப் மாட்ட ரிசீவரில் துளை போடலாமா?"

வேண்டாம், வேண்டாம், வேண்டாம். மரத்தில் இருக்கும் முத்திரைகள் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. ஒரு மாலை தேய்த்தால் எண்பது வருஷச் சரித்திரம் தூசியாகப் போகும், திரும்பக் கொண்டுவர முடியாது. காஸ்மோலின் கசிகிறது என்றால் கறுப்புப் பையில் சுற்றி வெயிலில் வையுங்கள், கசிவதைத் துடையுங்கள், மறுபடி வையுங்கள். சோவியத் அரக்கு மெருகு ஆல்கஹாலில் கரையும், அதனால் ஸ்பிரிட் தொடக் கூடாது.

வெட்டித் துளைத்த துப்பாக்கியை முன்பே யாரோ அப்படிச் செய்து வைத்திருந்தால் அது வேறு. ஸ்கோப் ஆசை இருப்பவர்கள் அதை வாங்குங்கள். மலிவாகவும் வரும், மனசும் உறுத்தாது.

என்ஃபீல்டு வாங்குகிறவர்களுக்கு மரம் இன்னொரு காரணத்துக்கும் முக்கியம். நம்பர் 4-ல் முன்மரம் குழல்வாய்க்கு அருகே பேரலை மேல்நோக்கித் தாங்க வேண்டும், சுமார் 1 முதல் 3 கிலோ அழுத்தம். மரத்துக்கும் பேரலுக்கும் நடுவே விரலால் பிரித்துப் பாருங்கள். தளதளவென்று ஆடினால் சுடும் இடம் அலையும். தற்கால ரைஃபிள் மாதிரி பேரலைத் தொடாமல் விடுகிறேன் என்று மரத்தைச் செதுக்கினால் இன்னும் மோசமாகும்.

மார்ச் 22

இஷாப்பூர் 2ஏ1 பற்றி ஒருவர் கேட்டார், நேற்று விட்டுவிட்டேன். வங்காளத்தில் இருக்கும் இஷாப்பூர் ஆலை 1962 சீனப் போருக்குப் பிறகு என்ஃபீல்டு வடிவத்திலேயே 7.62×51 நேட்டோ தோட்டாவுக்குச் செய்தது. பழைய .303-ஐத் துளை மாற்றிக் கட்டியது என்று பேசுகிறார்கள். அப்படியில்லை. புதிதாக, மேம்பட்ட எஃகில் செய்தவை. மேகசினில் 12 தோட்டா. தோட்டா கிடைப்பதை வைத்துப் பார்த்தால் என்ஃபீல்டு குடும்பத்தில் இதுதான் கவலையில்லாதது.

மார்ச் 28

முதலில் கேள்வி கேட்டவர் இரண்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒன்று 1938-ல் துலா ஆலையில் செய்த எம்91/30 மோசின்: எண்கள் கிடங்கில் குத்தியவை, மரம் பளபள, பேரல் பளபள, ஆனால் குழல்வாய் குண்டை விழுங்குகிறது, உள்ளே படி இல்லை. இன்னொன்று கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலையில் செய்த நம்பர் 4: மரம் எண்ணெய் ஊறிக் கறுத்தது, இரண்டு பள்ள பேரல், மேடு கூர்மை, போல்ட் தலை 1, நோ-கோ மேல் மூடவில்லை. பக்கத்துக் கடையில் பித்தளைக் கூடு .303 வழக்கமாக வருகிறதாம்.

நம்பர் 4-ஐ எடுங்கள். யோசிக்க ஒன்றுமில்லை. மோசின் அழகுதான், அந்த அழகு 100 மீட்டரில் உதவாது. இதே இடத்தில் நல்ல குழல்வாயுள்ள மோசினும், ஹெட்ஸ்பேஸ் அளவு மீறிய என்ஃபீல்டும் இருந்திருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன்.

மேகசினில் ஏற்றும்போது மேலே வரும் தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டினால் போல்ட் தள்ளும்போது இரண்டும் கோத்துக்கொண்டு அடைக்கும்.

ஏப்ரல் 4

"வாங்கிவிட்டேன், குழு இறுக்கமாக விழுகிறது, ஆனால் குறிவைத்த இடத்துக்கு நன்றாக மேலே!" என்று எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. இறுக்கமாக விழுவதுதான் கஷ்டமான பகுதி, மேலே விழுவது சுலபமாகச் சரியாகும்.

எந்தத் துளை வழியாகப் பார்க்கிறீர்கள்? பின்குறியைப் படுக்கவைத்தால் தெரியும் பெரிய துளை 300 கஜத்துக்கு அமைத்தது. 100-ல் அது மேலேதான் அடிக்கும். தகட்டை நிமிர்த்தி, அளவை மிகக் கீழான 200-க்கு இறக்கிச் சுடுங்கள். அதிலும் மேலே போனால் முன்குறியின் பிளேடை மாற்ற வேண்டும். 0.015 அங்குலப் படிகளில் பல உயரத்தில் வருகிறது, உயரம் பிளேடிலேயே குத்தியிருக்கும். முன்குறி உயர்ந்தால் குண்டு இறங்கும். ஒரு படிக்கு 100 மீட்டரில் சுமார் 5 செ.மீ. ஆக 15 செ.மீ. மேலே போகிறதென்றால் மூன்று படி உயரமான பிளேடு.

பிளேடு வாங்கும் முன் நீங்கள் வழக்கமாகச் சுடப்போகிற அதே தோட்டாவில், பேரல் ஆறியிருக்கும்போது ஒரு குழு, சூடானபின் ஒரு குழு சுட்டு அளந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் பிளேடை மாற்றுங்கள். சூட்டில் குழு ஏறிக்கொண்டே போனால் மார்ச் 21-ல் எழுதிய முன்மரத்தை முதலில் பாருங்கள்.